எட்டு டம்ளர் தண்ணீர்

என் தம்பி மருதப்பனின் பெண்டாட்டி கமலா செத்து ஆறு வருஷம் ஆகிறது. இந்தத் தோ பாயோ அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும், "ரத்தினம்மா தன் தம்பி பெண்டாட்டியப் பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டவங்க" என்றுதான் சொல்வார்கள். எல்லாரிடமும் தம்பி அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான். நானும் போன மாசம் வரை வாயைத் திறக்கவில்லை. சும்மா வருகிற நல்ல பேர் யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது சொல்ல உட்கார்ந்துவிட்டேன். பாதியிலேயே உங்களுக்கு என்மேல் ஆத்திரம் வரும். வரட்டும். எனக்கே வருகிறது.

கமலா ஐம்பத்து நாலாம் வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தாள். பத்தொன்பது வயசு. கையில் ஒரு தகரப் பெட்டி, வாய் கொள்ளாத சிரிப்பு. தம்பி அப்போது துறைமுகத்தில் கிடங்குக் காவலாளி. நான் தாலியறுத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்றுக்கொண்டிருந்தேன். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாவற்றையும் அம்மியில் ஈரமாக அரைத்துத் தனித்தனி உருண்டையாக வைப்போம். மீன் குழம்பா, கோழியா என்று கேட்டுக்கொண்டு அதற்குத் தக்கபடி கிள்ளிக் கிள்ளி வாழையிலையில் கட்டிக் கொடுக்க வேண்டும். வந்த மூன்றாம் நாளே கமலாவை அம்மியில் உட்கார வைத்துவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரி. ஆறே மாசத்தில் என்னைவிட நன்றாக மலாய் பேசினாள். மலாய்க்காரப் பெண்கள், மலாய் பேசுகிற சீனர்களான பாபாக்களின் வீட்டு நோன்யாப் பெண்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போய் அவளிடம்தான் கேட்பார்கள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை ஐஸ் உருண்டை. சீவின ஐஸை உருட்டிச் சிவப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பானே, அதுதான். மத்தியானம் கடை கட்டினதும் ஒன்று வாங்கிக்கொண்டு, முழங்கை வழியே சொட்டச் சொட்ட உறிஞ்சிக்கொண்டு நடந்து வருவாள். "கட்டினவ மாதிரியா இருக்க, ரோட்டுல நக்கிக்கிட்டு வர்ற" என்று திட்டுவேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

நாங்கள் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். பலகை வைத்துத் தடுத்த எட்டு அறை, அறைக்கு ஒரு குடும்பம். கீழே துறைமுகத்திலும் ரோட்டு வேலையிலும் இருந்த ஆண்கள் இருபது இருபத்தைந்து பேர் கான்வாஸ் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் வீட்டின் பின்கோடியில் ஒரே ஒரு வாளிக் கக்கூஸ். அங்கே போவதென்றால் மாடிப்படி இறங்கி, அந்த ஆண்களின் கட்டில்களுக்கு நடுவே, கையில் தண்ணீர் டப்பாவோடு நடந்து போக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தத் திரும்புதல்தான் கூசும்.

கமலா வந்த அடுத்த வருஷம் ஒரு விடிகாலை உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாளி எடுக்கிறவர் சந்துப் பக்கத்துத் தகரக் கதவைத் திறந்து, யாரும் இல்லை என்று நினைத்து, அடியிலிருந்து வாளியை இழுத்துவிட்டார். இவள் போட்ட அலறலில் வீடே எழுந்துவிட்டது. கீழே இருந்தவர்களில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு மாடிக்கு ஓடி வந்து பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "என்னடி பெரிய ராணி நீ, ஊர்ல நடக்காததா?" என்றேன் நான்.

அன்றிலிருந்து நாளைக்கு இரண்டே தடவைதான் கீழே போவாள். ஆண்கள் எழுந்திருக்கு முன்னால் ஒரு தடவை, அவர்கள் வேலைக்குப் போன பிறகு மத்தியானம் ஒரு தடவை. இரண்டு தடவைக்குள் அடங்க வேண்டுமென்றால் என்ன செய்வது? தண்ணீரைக் குறைத்துவிட்டாள். மாடியில் இருந்த எல்லாப் பெண்களும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் நாள் முழுக்க மிளகாய்க் காந்தலில் வேர்வை ஊற்ற அரைத்தது அவள் ஒருத்திதான்.

ஐம்பத்தேழில் வலி வந்தது. இடுப்பின் இடப்பக்கம் பிடித்துக்கொண்டு, அம்மியை விட்டுத் தரையில் சுருண்டு விழுந்தாள். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன், பூண்டு சுட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் குளிர் சுரம் வந்தபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே கல், அதைச் சுற்றிச் சீழ். இடது சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கல்லை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துத் தம்பியிடம் காட்டினார்கள். புளியங்கொட்டை அளவு இருந்ததாம். அவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சீன டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மருந்து கொடுக்கிற மாணிக்கம் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

"இன்னும் ஒன்னுதாம்மா மிச்சம் இருக்கு. அதுல கல்லு வந்தா ஆள் இல்ல, புரிஞ்சுக்குங்க. மூத்திரத்துல புளிப்பு ஏறினா கல்லு கட்டும். இந்த மிக்ஸ்சர் அந்தப் புளிப்ப எடுத்துரும். பொட்டாசியம் சிட்ரேட்டுன்னு ஒரு உப்பு. ஒரு அவுன்ஸ் எடுத்து ஒரு பெரிய டம்ளர் தண்ணியில கலக்கி, நாளைக்கு மூணு வேளை குடிக்கணும். அது போக எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும். மருந்து பாதி, தண்ணி பாதி. தண்ணி ஓடினாத்தாம்மா எல்லாம் கரைஞ்சு வெளிய போகும்."

சின்னச் சின்னச் சிவப்புக் காகிதம் ஒரு கட்டும் கொடுத்தார். காலையில் சிறுநீரில் நனைத்தால் அது நீலமாக வேண்டும். நீலமானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தானே ஆட்டுவோம்.

மருந்துக்குப் பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். காலி ரோஸ் சிரப் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துப் போனேன். மாணிக்கம் மருந்தை ஊற்றி, அளவுக்குப் பக்கத்தில் பல் பல்லாக வெட்டின காகிதத்தை ஒட்டிக் கொடுத்தார். உப்பும் கசப்புமாக இருக்கும். நாக்கில் பட்டால் உடனே தாகம் எடுக்கும். நான் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

இனிமேல்தான் என் கதை.

என் வீட்டுக்காரர் நாற்பத்தொன்பதில் மஞ்சள் காமாலையில் போனார். கெர்போ ரோட்டில் இருந்த வைத்தியர் மருந்து கொடுத்து, இருபத்தொரு நாள் உப்பில்லாப் பத்தியம் என்றார். பன்னிரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஆட்டுக்கறி தின்றுவிட்டு வந்தார். ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். பத்தியம் முறிந்ததுதான் கொன்றது என்று வைத்தியர் சொன்னார், ஊர் சொன்னது, நானும் நம்பினேன். கல்யாணத்துக்குப் போகும்போதே அவர் கண்ணெல்லாம் மஞ்சளாகத்தான் இருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஆகவே கமலாவுக்கு மருந்து வந்ததும் நான் பத்தியம் வைத்தேன். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, ஐஸ் உருண்டையை நினைக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து குடித்தால் தண்ணீர் குடிக்கக் கூடாது. நம் ஜனங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மருந்து உள்ளே போய்ப் பிடிக்கிற நேரத்தில் தண்ணீரை ஊற்றினால் நீர்த்துப் போகாதா? டாக்டர் சீனர், அவருக்குப் பத்தியம் என்ன தெரியும் என்று நினைத்தேன். மருந்தைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தேன். மருந்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் வாயில் தண்ணீர் படக்கூடாது. மூன்று வேளை மருந்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பகலில் என்ன மிச்சம்? சாப்பாட்டோடு ஒரு டம்ளர், காலையில் ஒரு கோப்பை காப்பி. அவ்வளவுதான்.

"வயிறு எரியுது அண்ணி" என்றாள் முதல் வாரம். புருஷனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"எரிஞ்சா மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம். பொறுத்துக்க."

"கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கிக் குடுங்களேன். அவுங்க அப்படித்தானே சொன்னாங்க."

"நீ கண்டியா, நான் கண்டனா? ஒருத்தரப் பறி குடுத்தவ நான். எங்கிட்ட வாதாடாத."

அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது, தண்ணீர் குடித்தால் கீழே போகவேண்டுமே என்று பயந்தாள் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். பயந்தாள். ஆனால் பயந்தவளுக்குத் துணையாகக் கீழே நான் போயிருக்கலாமே? முன்னால் நான் நடந்தால் எந்த ஆண்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பான்? என் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். போகவில்லை. அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

காகிதம் மட்டும் தினமும் நீலமாயிற்று. கமலா அதை நனைத்து எடுத்து வந்து ஜன்னலோரம் காட்டுவாள். "பாத்தியா? மருந்து நல்லா வேல செய்யுது. தண்ணி எதுக்கு?" என்பேன். நான் பிடித்த முயலுக்கு அந்த நீலக் காகிதம் சாட்சி.

ஒரு நாள் மார்க்கெட்டில் மல்லி கழுவப் போனவள் ரொம்ப நேரமாக வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மீன் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் குந்தி, ஒரு தகரக் குவளையில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் வழிகிறது, ரவிக்கை நனைந்திருக்கிறது. மருந்து குடித்து அரை மணிகூட ஆகவில்லை. எனக்கு ஆட்டுக்கறி தின்ற மனுஷன் கண் முன்னால் வந்துவிட்டார். ஓடிப்போய்க் குவளையைத் தட்டிவிட்டேன். அது சிமிண்டுத் தரையில் உருண்டு மீன்காரன் காலடியில் போய் நின்றது.

"பத்தியத்த முறிச்சிட்டியேடி பாவி! சாகணும்னு ஆசையா உனக்கு? எந்தம்பிய மொட்ட மரமா நிக்க வைக்கப் பாக்கிறியா?"

மார்க்கெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கமலா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தாகமா இருந்துச்சு அண்ணி. இனிமே குடிக்கல" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. ஒரு தடவையாவது எனக்குத் தெரியாமல் குடித்திருக்கலாம், களவாணித்தனம் செய்திருக்கலாம். செய்யவில்லையே!

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போக வேண்டும். அவர் எங்களிடம் மலாயில் பேசுவார். முதல் தடவையே கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று. கமலா என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "லாப்பான், டாக்டர், லாப்பான்" என்றேன். எட்டு. இரண்டு என்று சொல்லி அவரிடம் திட்டு வாங்க நான் என்ன பைத்தியமா? வெளியே வந்ததும் கமலாவிடம், "எப்பக் கேட்டாலும் எட்டுன்னே சொல்லு. அவங்க ஒன்னு சொல்வாங்க, நாம செய்யறதச் செய்வோம்" என்றேன். அடுத்த தடவையிலிருந்து அவளே சொன்னாள். டாக்டர் கேட்பார், அவள் எட்டு என்பாள், அவர் அட்டையில் எழுதுவார். நீலக் காகிதத்தைப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று தட்டிக் கொடுப்பார். நன்றாக இருக்கிறதாம்.

அறுபத்தொன்றில் படம் எடுத்தபோது மிச்சமிருந்த சிறுநீரகத்தில் மணல் மாதிரி ஏதோ தெரிந்தது. டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் எட்டு டம்ளர் குடிக்கிறாள், அப்படியென்றால் மருந்துதான் போதவில்லை என்று முடிவுகட்டி, ஒரு அவுன்ஸை ஒன்றரையாக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒன்றரை அவுன்ஸையும் தண்ணீரில்லாமலே கொடுத்தேன். பத்தியத்தை இன்னும் இறுக்கினேன்.

அடுத்த வருஷம் ஹவுசிங் போர்டிலிருந்து கடிதம் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஒரு வீடு. எனக்குத் தெரியாமல் தம்பி எழுதிப் போட்டிருந்தான். போடச் சொன்னது கமலா. எட்டு வருஷத்தில் அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான்.

"போய்ப் பாத்துட்டு வந்தேன் அண்ணி. கக்கூஸு வீட்டுக்குள்ளயே இருக்கு. சங்கிலிய இழுத்தாத் தண்ணி வந்து அடிச்சிட்டுப் போயிருது. உள்பக்கம் தாழ்ப்பா இருக்கு, அண்ணி. நாமளே போட்டுக்கலாம்."

தாழ்ப்பாளைப் பற்றி அவள் சொன்ன மாதிரி நகையைப் பற்றிக்கூட எந்தப் பெண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னால் அதைப் புரிந்துகொள்ள முடிந்ததா? எனக்குப் புரிந்ததெல்லாம், விடிகாலை ஐந்து மணிக்குத் தேக்காவில் அம்மியில் உட்கார வேண்டியவள் குவீன்ஸ்டவுனிலிருந்து எந்தப் பஸ்ஸில் வருவாள் என்பதுதான்.

"சோறு போடுறது தேக்காவா, கக்கூஸா? போறதுன்னா ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயே தனியாக் கெடந்து சாகிறேன்" என்றேன்.

தம்பிக்கு அம்மா இல்லை, வளர்த்தவள் நான்தான். அவன் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கமலா அன்று மத்தியானம் கீழே இறங்கிப் போனதைப் பார்த்தேன். கையில் டப்பாவோடு, காலியாகக் கிடந்த கட்டில்களுக்கு நடுவேகூடத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அறுபத்து மூன்றில் சிறுநீர் நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டு வரவில்லை. முகம் வீங்கி, கண் இடுங்கிவிட்டது. வலப்பக்கம் வலி. அந்தப் பக்கம்தானே ஒன்று மிச்சம் இருந்தது! டாக்சி பிடித்துக் கொண்டுபோனோம். கல் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்த பிறகும் அந்தச் சிறுநீரகம் பிழைக்கவில்லை.

அந்த வார்டு எவ்வளவு சுத்தம் தெரியுமா? கட்டிலைச் சுற்றித் துணித் திரை. இழுத்துவிட்டால் ஈ காக்கை பார்க்க முடியாது. பாத்திரத்தை நர்சே கொண்டுவந்து வைப்பாள், எடுத்துப் போவாள். கமலா தண்ணீர் குடித்தால் கேட்க ஆளில்லாத இடம். ஆனால் சிறுநீர் இறங்காத உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் நுரையீரலில் போய் ஏறிவிடுமாம். நாள் முழுக்க இத்தனை அவுன்ஸ்தான் என்று எழுதிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். உதடு வெடித்துப் போயிருந்தது. நான் ஒரு பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினேன். அவள் அந்தப் பஞ்சைப் பல்லால் கடித்து உறிஞ்சினாள். நான் இழுத்தேன், விடவில்லை.

"ஒரு வாய் குடுங்க அண்ணி."

"கூடாதாம்டி. டாக்டரு எழுதிப் போட்டிருக்காரு."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"இப்பவும் பத்தியமா, அண்ணி?"

நாலாம் நாள் விடியும்போது போய்விட்டாள். இருபத்தெட்டு வயசு.

காகிதங்களில் கையெழுத்து வாங்க டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். மேசைமேல் அவளுடைய அட்டை. ஆறு வருஷத்து அட்டை. அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். மாணிக்கம் தமிழில் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்களாம். ஒரு வேளை மருந்து தவறல. காகிதம் நீலம். தண்ணி எட்டு டம்ளர். ஏன் இப்படி ஆச்சுன்னு டாக்டருக்கே புரியலையாம். சில ஒடம்பு அப்படித்தானாம். நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு சொல்றாரும்மா."

தம்பி தேம்பிக்கொண்டே என் கையைப் பிடித்து, "அக்கா பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க முடியாது, டாக்டர்" என்றான். மாணிக்கம் அதையும் இங்கிலீஷில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எட்டு இல்லை ஐயா, இரண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுத்து வருகிற ஒரு பெண்ணுக்காவது அந்த டாக்டர் இரண்டு தடவை அழுத்திக் கேட்டிருப்பாரே. சொல்லவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாததால் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அறுபத்தேழில் தோ பாயோவில் வீடு கிடைத்தது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. தேக்காவுக்குப் பஸ்ஸும் இருக்கிறது. முதல் வண்டியில் போகிறேன், ஒரு நாளும் கடை திறக்க நேரமானதில்லை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு சம்சுன்னிசா கதவைத் தட்டினாள். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஹனீபாவின் பெண்டாட்டி, சின்னப் பெண். அவளுக்கும் இடுப்பில் வலி, அவளுக்கும் கல். கையில் பாட்டில். அந்தப் பல் பல்லாக வெட்டின காகிதம்கூட மாறவில்லை.

"ரத்தினக்கா, ஆஸ்பத்திரில இந்த மருந்து குடுத்தாங்க. பத்தியம் கேட்டா நீங்கதான் சரியாச் சொல்வீங்கன்னு அவுக சொன்னாக. என்னென்ன ஒதுக்கணும்?"

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னும் ஒதுக்க வேணாம்மா. இத ஒரு பெரிய டம்ளர் தண்ணியில கலக்கிக் குடி. அது போக எட்டு டம்ளர் தண்ணி குடி. மருந்துக்கு முன்னாடி குடி, பின்னாடி குடி, நெனச்சப்பல்லாம் குடி."

அவள் சிரித்தாள். "என்னக்கா, வெளையாடுறீங்களா? அவ்வளவு தண்ணி குடிச்சா மருந்து நீத்துப் போயிராதா? டாக்டரு சொன்னதக் கேட்டு எங்க மாமியும் அதத்தான் கேட்டாங்க."

தம்பி பேப்பரைத் தாழ்த்தினான். "என்னக்கா நீயே இப்படிச் சொல்ற? கமலாவுக்கு எவ்வளவு கண்டிப்பா இருந்த! அந்தப் புள்ளைக்கும் அப்படியே வெவரமாச் சொல்லிக் குடு லா" என்றான்.

சம்சுன்னிசா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி சொல்வதைத்தான் நம்பப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. ஊரில் நான் சேர்த்து வைத்திருக்கிற நல்ல பேரும் அவன் பக்கம்தானே பேசும்! பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தண்ணீர் இல்லாமல் குடிப்பாள். அவளைத் தடுக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆறு வருஷமாக நான் பூட்டி வைத்திருந்த வழி.

"அதனாலதான்டா அவ செத்தா" என்றேன்.

தம்பிக்குப் புரியவில்லை.

"கமலா எட்டு டம்ளர் குடிக்கல. ரெண்டுதான் குடிச்சா. நான் குடிக்க விடல. டாக்டர்கிட்ட எட்டுன்னு பொய் சொன்னதும் நான், அவளச் சொல்லச் சொன்னதும் நான். கொழாயடில தண்ணி குடிச்சவ கையத் தட்டிவிட்டேன். அந்த வீட்டுக்குப் போயிருந்தாலாவது பயமில்லாமக் குடிச்சிருப்பா, அதையும் நாந்தான் கெடுத்தேன். மருந்து பாதி, தண்ணி பாதின்னு மாணிக்கம் சொன்னாரு. எங்காதால கேட்டேன், மருதப்பா. கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

சம்சுன்னிசா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்து போனாள். தம்பி பேப்பரை மடித்தான். மறுபடியும் மடித்தான். சின்னதாக ஆகும்வரை மடித்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றான். என்னிடம் சொன்னானா, செத்துப்போனவளிடம் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவித் தனியாக, என் டம்ளர்களோடு சேராமல், ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தான்.

சம்சுன்னிசா நன்றாக இருக்கிறாள். நாள் தவறாமல் எட்டு டம்ளர் குடிக்கிறாளாம், போன வாரம் நடையில் பார்த்தபோது சொன்னாள். எட்டு என்று அவள் சொன்னதும், நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன். தம்பி என்னோடுதான் இருக்கிறான். சம்பளத்தைக் கொடுக்கிறான், சமைத்து வைத்தால் போட்டுச் சாப்பிடுகிறான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.